ஜீப்பின் இடப்பக்க இருக்கை

ஸ்டியரிங் பிடித்தது சீலன். அவனுக்கு இடப்பக்கம் அவன் அம்மா, ராசாத்தி அக்கா. எனக்குப் பெரியம்மா மகள். பின்னால் ஒரு பலகையில் அந்தோனி அண்ணன், மீன் வியாபாரி, இவர்களுக்கு அடுத்த வீடு. எதிர்ப் பலகையில் நான். ஜீப்பில் இருந்தது இவ்வளவு பேர்தான்.

நாலு பேர். அந்தோனி அண்ணன் ஐந்து என்றார்.

அவர் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது. என் பையை அதில் வைக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதில வையாதேங்கோ தம்பி. அது மரியதாசன்ர இடம்."

மரியதாசன் அக்காவின் கணவர். கடைசிச் சண்டையில் போனவர். உடல் கிடைக்கவில்லை. பையை என் காலுக்கு இடையில் வைத்துக்கொண்டேன். முன்னால் இருந்து சீலன் கண்ணாடியில் பார்த்தான்.

வவுனியாவில் என்னை ஏற்றிக்கொண்டு முள்ளியவளைக்குப் போய்க்கொண்டிருந்தோம். என் ஊர் கூடலூர். நீலகிரியில் இருக்கிறது. அங்கே வண்டிகளுக்கு வயர் வேலை பார்க்கிறேன். என் அம்மாவும் பெரியம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர்கள். அம்மா கப்பலேறி இந்தியா வந்தார். பெரியம்மா வன்னிக்குப் போனார். அதற்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை. இப்போது இருவரும் இல்லை. அக்காவின் மகள் வினோவுக்குக் குழந்தை பிறந்து முப்பத்தோராம் நாள் வருகிறது, அம்மா பிறந்த வழியில் ஓர் ஆணாவது நிற்க வேண்டும், வா என்று சீலன் போனில் கூப்பிட்டான். வந்தேன். கடல் தாண்டியது அதுதான் முதல் தடவை.

நெடுங்கேணி தாண்டினால் காடு. பகல் இரண்டு மணி இருக்கும். வெயில் ரோட்டில் தண்ணீர் மாதிரி நின்றது. அக்கா திரும்பி உட்கார்ந்து குழந்தையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். போனில் படம் அனுப்பியிருக்கிறார்களாம்.

"பிறக்கேக்க ரெண்டே முக்கால் கிலோ தம்பி. இப்ப படத்தைப் பாத்தால்..."

இஞ்சின் நின்றது. மீட்டர் முள்கள் விழுந்தன. சீலன் ஹாரனை அழுத்தினான். சத்தம் இல்லை. ஜீப் தானாக உருண்டு ஓரத்தில் நின்றது.

எங்கள் ஊரில் ஜீப் நின்றால் உடனே பேச்சு ஆரம்பிக்கும். ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். இங்கே ஒருவரும் பேசவில்லை. அந்தோனி அண்ணன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். காட்டுக்குள் கூரை இல்லாத வீடு ஒன்று தெரிந்தது. சுவரில் பழைய நீல வண்ணம். வாசலில் மயில் நின்று எங்களைப் பார்த்தது. எங்கோ தூரத்தில் தோட்டத்துத் தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தம். வேறு சத்தம் இல்லை.

நான் டெஸ்ட் லாம்ப்பை எடுத்தேன். இரண்டு வயரும் ஒரு சின்ன பல்பும்தான். கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்தால் எரியும். பேட்டரி இடப்பக்க இருக்கைக்கு அடியில் பெட்டிக்குள் இருக்கிறது. அக்காவை அசையச் சொல்லாமல் பக்கவாட்டு ஓட்டைக்குள் கையை விட்டு வைத்துப் பார்த்தேன். நன்றாக எரிந்தது. சாவிக்கு வரும் வயரில் வைத்தேன். எரியவில்லை. பேட்டரியில் உயிர் இருக்கிறது, சாவியில் இல்லை. நடுவில் எங்கோ அறுந்திருக்கிறது. நேரான வேலை என்று நினைத்தேன்.

நினைத்து முடிக்கவில்லை. பல்ப் என் கையில் எரிந்தது. நான் எதையும் தொடவில்லை. சீலன் சாவியைத் திருப்பினான். இஞ்சின் பிடித்துக்கொண்டது.

"நாலரை கிலோ வரும் போல கிடக்கு" என்றார் அக்கா.

வீட்டுக்குப் போவதற்குள் இன்னொரு தடவை நின்றது. கோயில் வளவில் யாரோ மிஷினால் புல் வெட்டிக்கொண்டிருந்த இடத்தில். அப்போதும் அப்படியே. செத்தது, பிறகு உயிர் வந்தது.

மறுநாள் காலை கிணற்றடியில் பல் தேய்க்கும்போது சீலன் விஷயத்தைச் சொன்னான். வீட்டுக்குள் சொல்ல முடியாத விஷயம்.

வினோவுக்கு வலி எடுத்த அன்று இந்த ஜீப்பில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அக்கா முன்னால் உட்கார்ந்திருந்தார். வழியில் மூன்று தடவை நின்றது. மூன்றாவது தடவை ஆட்டோ பிடித்து வினோவை மாற்றினார்கள். ஆட்டோவில் வினோவின் மாமியார் ஏறினார். அக்காவை ஏறவிடவில்லை. அக்கா ஏறினால் மரியதாசனும் கூட ஏறுவார், அவர்தான் வண்டியை மறிக்கிறார் என்று ஊரில் பேச்சு. வழக்கப்படி பிள்ளை பெற்றவள் தாய்வீட்டுக்குத்தான் வர வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரியில் இருந்து நேராக ஸ்கந்தபுரத்து மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அக்கா குழந்தையைப் போனில்தான் பார்த்திருக்கிறார். தூக்கவில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார்கள். அக்காவுக்கும் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் சம்பந்தி அம்மா சீலனிடம் தனியாக ஒன்று சொல்லியிருக்கிறார். உன் அம்மாவை அந்த ஜீப்பிலேயே ஏற்றி வா. ஓரிடத்திலும் நிற்காமல் வந்தால் பிள்ளையைக் கையில் தருகிறேன். நின்றால் வாசலோடு திரும்பிவிடட்டும், பிள்ளைப்பேறு வீடு.

பஸ்ஸில் போகலாமே என்றேன்.

"பஸ்ஸில போனால் அவையள் சொன்னது சரியெண்டு ஆயிரும் மாமா."

முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

காலைச் சாப்பாடு பாண், தேங்காய்ச் சம்பல், தேங்காய்ப்பால் சொதி. நாங்கள் பிரெட் என்பதை இவர்கள் பாண் என்கிறார்கள். எங்கள் ஊரில் அது காய்ச்சல்காரன் சாப்பாடு. இங்கே சம்பலைச் சேர்த்தால் வியர்க்கிறது. தேங்காய் இல்லாத பண்டமே இல்லை. டீயில் மட்டும் எதுவும் இல்லை, பால்கூட. கறுப்பாக ஊற்றிச் சர்க்கரையை உள்ளங்கையில் கொடுக்கிறார்கள். சர்க்கரை என்று கேட்டேன், வேறு எதையோ தேடினார் அக்கா. சீனி என்று கேட்க வேண்டுமாம்.

சாப்பிட்டுவிட்டு ஜீப்பின் அடியில் படுத்தேன். எனக்கு முன்னால் மூன்று பேர் கைவைத்திருக்கிறார்கள். இங்கே மெக்கானிக்கை பாஸ் என்கிறார்கள். முதல் பாஸ் பேட்டரியை மாற்றியிருக்கிறார். இரண்டாவது பாஸ் சாவி சுவிட்சை. மூன்றாவது பாஸ் ஆல்டர்னேட்டரை. மூன்று பேர் வேலையும் சுத்தம். ஒரு குறையும் சொல்ல முடியாது. பாடியில் மாட்டும் எர்த் வயரை நான் கழற்றித் துரு சுரண்டி முறுக்கினேன். ஃபியூஸ்களைத் தேய்த்தேன். வயரைப் பிடித்து ஆட்டினேன். இஞ்சினை ஓடவிட்டு டாஷ்போர்டைத் தட்டினேன். வெயிலில் இரண்டு மணி நேரம் ஓடியது. நிற்கவில்லை.

கதவில் வரிசையாகப் பட்டி பார்த்து அடைத்த குண்டு ஓட்டைகள். தடவினால் விரலுக்குத் தெரிகிறது. சண்டை முடிந்து வண்டிகள் குவிந்து கிடந்த வெளியில் இருந்து பத்திரம் காட்டி எடுத்தார்களாம். பல வருடம் கொட்டிலில் கிடந்தது. போன வருடம்தான் சீலன் பழைய இஞ்சினை இறக்கிவிட்டு வேறு இஞ்சின் போட்டான்.

"எப்ப இருந்து நிக்குது?" என்று கேட்டேன்.

"இஞ்சின் மாத்தினதில இருந்து."

அதில் ஒன்று புரிந்தது. பழைய டீசல் இஞ்சினுக்கு ஓடுவதற்குக் கரண்ட் வேண்டாம். கம்பி இழுத்தால்தான் நிற்கும். இந்த இஞ்சினில் கரண்ட் போனால் டீசலை அடைத்துவிடும். அப்படியென்றால் கரண்ட் முன்னாலேயே போய்க்கொண்டிருந்திருக்கலாம். இஞ்சின் ஓடியதால் யாருக்கும் தெரிந்திருக்காது. எத்தனை வருடமாக என்று யோசித்தேன். முதுகில் மண் குளிர்ந்தது.

மூன்றாம் நாள் அந்தோனி அண்ணனுக்கு மீன் எடுக்க நாயாற்றுக்குப் போனோம். அக்காவை வரவேண்டாம் என்றேன். அந்தோனி அண்ணனை இடப்பக்க இருக்கையில் உட்காரவைத்தேன். அவருக்கு முகம் மாறிவிட்டது.

"என்னைப் பலி குடுக்கிறியள் போல."

"காசு குடுக்காமத்தானே ஏறுறியள். இதாவது செய்யுங்கோ" என்றான் சீலன்.

"அவனும்தான் காசு குடுக்காமல் வாறான். அவனிட்டக் கேள்."

நாயாற்றில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு என்கிற உப்பங்கழி. நடுவில் பாலம். தண்ணீர் அசையவே இல்லை. ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுத்தார்கள். பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. மலையில் வளர்ந்தவனுக்கு இத்தனை தட்டையான இடம் பழகாது. ஒளிந்துகொள்ள ஒரு மேடு இல்லை. எல்லாப் பக்கமும் வானம். ஒரு பெண் இலையில் சுண்டிய கூனி இறால் கொடுத்தார். நல்ல ருசி. எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். யானை இருக்கா என்றார். இருக்கு என்றேன். இங்கேயும் இருக்கு என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

ரோட்டில் குழி பார்த்துப் பார்த்து விடச் சொன்னேன். எல்லாக் குழியிலும் விழுந்தோம். வண்டி நிற்கவில்லை. திரும்பும்போது ஆலையில் ஐம்பது கிலோ அரிசி மூட்டை வாங்கி அதை இடப்பக்க இருக்கையில் வைத்தேன். அக்காவின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான்.

"மூட்டைக்குப் பெல்ற்றையும் போட்டு விடுங்கோவன்" என்றார் அந்தோனி அண்ணன்.

மூட்டைக்கும் நிற்கவில்லை.

வழியில் அவர் தன் கணக்கைச் சொன்னார். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் அவர் ஒரு சத்தம் கேட்டிருக்கிறாராம். டக் என்று. மரியதாசன் இறங்குகிற சத்தம். வண்டி மறுபடி கிளம்புவதற்கு முன்னால் இன்னொரு டக். ஏறுகிற சத்தம். சத்தியமாகக் கேட்டேன் என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் வயர்க்காரன் சத்தத்தைச் சும்மா விடமாட்டான். அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் காலை அக்காவை ஜீப்பில் ஏற்றினேன். பிள்ளைக்குத் துணி எடுக்கலாம் என்று சொன்னேன். சாவி வயரில் இருந்து ஒரு நீள வயர் இழுத்து டெஸ்ட் லாம்ப்பைப் பின்னால் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். அக்காவின் இருக்கைக்கு நேர் பின்னால், தரையில் உட்கார்ந்தேன். பல்ப் எரிந்துகொண்டிருந்தது. அந்தோனி அண்ணன் எதிர்ப் பலகையில். பக்கத்து இடம் காலி.

வெங்காயத் தோட்டங்கள் வந்தன. அக்கா துணிக்கடைக்காரனைத் திட்டிக்கொண்டு வந்தார்.

"போன முறை அவன் எனக்குத் தந்த சீலை ஒரு தோய்ச்சலில..."

பேச்சு நின்றது. அதை அன்றுதான் கவனித்தேன். வண்டி நிற்கவில்லை. முதலில் நின்றது பேச்சு. அக்காவின் தலை மெல்ல ஜன்னல் பக்கம் சாய்ந்தது. முகம் என்னமோ ஆகியிருந்தது. தூங்குகிறவர் முகம் மாதிரி, ஆனால் கண் திறந்திருந்தது. அப்புறம்தான் எனக்குக் கேட்டது. தூரத்தில் ஒரு தண்ணீர் மோட்டார். வண்டு இரைகிற மாதிரி.

டக்.

என் கையில் பல்ப் அணைந்தது. இஞ்சின் நின்றது.

நான் குனிந்து இருக்கைக்கு அடியில் பார்த்தேன். அங்கே பெட்டியை மறைத்துத் தார்ப்பாய்த் துணி தொங்கியது. தூசிக்குப் போட்ட துணி என்று நினைத்திருந்தேன். மூன்று பாஸ்மாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். தூக்கிப் பார்க்கவில்லை, என் தப்பு. அக்காவின் இடது குதிகால் அந்தத் துணியை உள்ளே தள்ளிக்கொண்டு இருந்தது.

ரோட்டில் ஒரு சைக்கிள்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார். மோட்டார் ஓடியது. ஓடியது. பிறகு யாரோ நிறுத்தினார்கள். காற்று மட்டும் இருந்தது.

குதிகால் மறுபடி உள்ளே போனது. டக். பல்ப் எரிந்தது.

"...சாயம் போயிட்டுது" என்றார் அக்கா. பிறகு சுற்றிப் பார்த்தார். "ஏன், திரும்ப நிண்டுட்டுதே?"

அவருக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

அந்தோனி அண்ணன் பக்கத்துக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணி எடுத்தோம். மஞ்சள் நிறச் சட்டை, சின்னது.

ஐந்தாம் நாள், அக்கா குசினியில் மீன் வெட்டும்போது தார்ப்பாயைக் கழற்றினேன். பழைய லாரிகளில் ஹெட்லைட்டைத் தாழ்த்தக் காலால் மிதிக்கும் சுவிட்ச் ஒன்று இருக்கும். ஒரு மிதிக்கு அணையும், மறு மிதிக்கு எரியும். அதுதான். பேட்டரியில் இருந்து சாவிக்குப் போகும் வயரை அறுத்து இதன் வழியாகச் சுற்றிவிட்டிருந்தார்கள். கெட்டிக்காரன் வேலை. சுற்றிலும் மண்ணும் துருவும். மேல் பித்தளைக் குமிழ் மட்டும் பளபளத்தது. தினமும் விளக்குகிற குத்துவிளக்கு மாதிரி.

அக்காவைக் கூப்பிட்டேன். கையில் மீன் செதிலோடு வந்தார். குனிந்து பார்த்தார்.

"இது அவர் பூட்டினது" என்றார். "நான் மறந்தே போனன்."

பிறகு ஜீப்பின் படியில் உட்கார்ந்து சொன்னார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் அன்றுதான் கேட்டேன். அந்த நாட்களில் மரியதாசன் இந்த ஜீப்பில் இருட்டில் ஆட்களையும் அரிசியையும் ஏற்றுவார். மேலே ஆளில்லாத விமானம் சுற்றும். அதை வண்டு என்பார்கள். வெளிச்சத்தைக் கண்டால் பின்னால் குண்டு வரும். இஞ்சின் சத்தத்தில் ஓட்டுகிறவருக்கு வண்டு கேட்காது. அதனால் இடப்பக்கம் ஓர் ஆள் தலையை வெளியே நீட்டிக் காது கொடுத்துக்கொண்டே வர வேண்டும். கேட்டால் சொல்லிக்கொண்டிருக்க நேரம் இல்லை. குதிகாலால் ஒரு மிதி. ஹெட்லைட், பிரேக் லைட், மீட்டர் லைட் எல்லாம் ஒன்றாக அணையும். இஞ்சின் ஓடும். அவர் நிலா வெளிச்சத்தில் ஓட்டுவார். சத்தம் போனால் மறு மிதி.

இப்படி எல்லா வண்டியிலும் ஓர் ஆள் இருந்தாராம். இந்த ஜீப்பில் அந்த ஆள் அக்கா.

"நான் ஒருநாளும் பிந்தேல்லை தம்பி. அவருக்குக் கேக்க முதலே எனக்குக் கேட்டிடும். அவர் போன அண்டைக்கு வினோவுக்குக் காய்ச்சல். நான் பங்கருக்குள்ள இருந்திட்டன். அவர் தனியத்தான் போனவர்."

செதிலைச் சேலையில் துடைத்தார்.

"இப்ப இதை ஆர் மிதிக்கிறது? நான் மிதிக்கிறேல்லையே."

நான் வயர்க்காரன். சாமியாரும் இல்லை, டாக்டரும் இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

"சுவிட்ச் பழசாயிடுச்சுக்கா" என்றேன். "ஸ்பிரிங் தேஞ்சு போச்சு. ஆட்டத்துல தானா விழுது."

அவர் என்னைப் பார்த்தார். நம்பினாரா என்று தெரியாது. மீனைப் பார்க்கப் போய்விட்டார்.

சீலனை வெளியே கூட்டிப்போய் உண்மையைச் சொன்னேன். அவன் ஒரு வேப்பங்கன்றின் இலையை உருவிக்கொண்டே கேட்டான். கடைசியில் இலை எதுவும் மிச்சம் இல்லை.

"அப்ப அப்பா இல்லை."

"இல்லப்பா."

"கழட்டி எறியுங்கோ மாமா அதை."

நான் கழற்றவில்லை. இரண்டு வயரையும் சுவிட்சில் இருந்து எடுத்து ஒன்றோடு ஒன்று முறுக்கி, ஈயம் வைத்து, டேப் சுற்றினேன். ஐந்து நிமிட வேலை. குமிழை அதே இடத்தில் விட்டுவிட்டேன். இனி எத்தனை தடவை மிதித்தாலும் டக் என்கிற சத்தம்தான் வரும், வேறு ஒன்றும் ஆகாது. ஏன் விட்டீர்கள் என்று சீலன் கேட்டான். எடுத்துவிட்டால் அந்தக் கால் தேடும் என்றேன். தார்ப்பாயை மறுபடி ஆணி அடித்து மாட்டினேன்.

அன்று சாப்பாடு சிவப்பு அரிசிச் சோறு, மீன் குழம்பு, முருங்கை இலை வறை. அக்கா எனக்குத் தலைத் துண்டத்தைப் போட்டார்.

ஆறாம் நாள் முப்பத்தோராம் நாள். அக்கா விடியும் முன்னே குளித்து, சாயம் போகாத சேலை ஒன்று உடுத்து வாசலில் நின்றார். உட்கார்ந்த இடங்கள் முதல் நாள் மாதிரியே. நான் மட்டும் அக்காவுக்குப் பின்னால் தரையில். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

புறப்பட்டுக் கொஞ்ச தூரத்தில் முதல் மோட்டார் கேட்டது. அக்காவின் பேச்சு நின்றது. சீலன் ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. டக். ஜீப் ஓடியது. சத்தம் பின்னால் போனது. டக். அக்கா விட்ட இடத்தில் இருந்து பேசினார்.

அந்தோனி அண்ணனுக்குக் கேட்டுவிட்டது. என்னைப் பார்த்தார். காலி இடத்தைப் பார்த்தார். நான்காவது டக்குக்குப் பிறகு என் காதருகே குனிந்தார்.

"இண்டைக்கு ஓடுற வண்டியில இறங்கி ஏறுறான்."

நான் தலையாட்டினேன். அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. அவருக்குச் சொல்ல சீலன் இருக்கிறான். சொல்வதும் சொல்லாததும் அவன் பாடு.

முறிகண்டியில் எல்லா வண்டியும் நிற்கும். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் ஒருவரும் தாண்டுவதில்லை. சீலன் இஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். நானும் அந்தோனி அண்ணனும் இறங்கினோம். அவர் பெரிய தேங்காயாக எடுத்தார்.

"நீங்க வேதக்காரர்தானே அண்ணே?"

"முறிகண்டியில அது பாக்கிறேல்லை" என்று ஓங்கி அடித்தார்.

கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டே போனோம். மேற்கே திரும்பியதும் தோட்டங்கள் கூடின. வாய்க்கால் பக்கமெல்லாம் மோட்டார். ஒரு சத்தம் போகும் முன் அடுத்தது. அக்கா பேசுவதையே விட்டுவிட்டார். தலை ஜன்னலில். நெற்றியில் வியர்வை. நல்ல வெயில், நீல வானம், ஒரு பறவைகூட இல்லை. நானும் மேலே பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. இருந்தும் வெகுநேரம் பார்த்தேன்.

ஸ்கந்தபுரத்தில் சம்பந்தி வீட்டு வாசலில் மாவிலை கட்டியிருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஜீப்பைப் பார்த்ததும் சம்பந்தி அம்மா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். படலையைத் திறக்கவில்லை. அக்காவின் கால் துணிக்குள் போனது. டக். அதற்குப் பிறகுதான் இறங்கினார்.

சம்பந்தி அம்மா அக்காவைப் பார்க்கவில்லை. சீலனைப் பார்த்துக் கேட்டார்.

"எங்கயும் நிண்டதோ?"

"இல்லை மாமி."

"முறிகண்டியில?"

"அங்கயும் இஞ்சின் நிக்கேல்லை."

அவர் அந்தோனி அண்ணன் பக்கம் திரும்பினார். அந்தோனி அண்ணன் ஒருமுறை ஜீப்புக்குள் பார்த்தார். பிறகு கையைத் தூக்கி, அந்தோனியார் அறிய நிற்கவில்லை என்றார். படலை திறந்தது.

உள்ளே ஐயர் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். வினோ பாயில் இருந்து எழுந்து வந்தாள். அக்காவைக் கதிரையில் உட்காரவைத்து, சம்பந்தி அம்மாவே குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். நாங்கள் கொடுத்த மஞ்சள் சட்டையைப் போட்டுவிட்டிருந்தார்கள், கொஞ்சம் பெரிசு. அக்கா ஒரு கையால் அதன் தலையைத் தாங்கினார். முகம் இன்னும் ஜன்னல் பக்கமே சாய்ந்திருந்தது. மோட்டார் ஓடியது. குழந்தையைப் பார்க்காமல் குழந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சம்பந்தி அம்மா அதைக் கவனித்துவிட்டார். நெற்றி சுருங்கியது. நான் எழுந்து தோட்டத்துக்குப் போய் மோட்டாரை நிறுத்தச் சொல்லலாமா என்று நினைத்தேன். யாரிடம் என்ன சொல்லி நிறுத்துவது.

அதற்குள் அவர்களே நிறுத்தினார்கள்.

கதிரைக்கு அடியில் அக்காவின் இடது குதிகால் சிமெந்துத் தரையை ஒருதரம் அடித்தது. முகம் திரும்பியது. குழந்தையைப் பார்த்தார்.

"நாலரைக்குக் கூடத்தான் இருக்கு" என்றார்.

நான் முள்ளியவளை வாசலில் இருந்து டக் சத்தத்தை எண்ணிக்கொண்டு வந்தேன். ஜீப்பில் பத்தொன்பது, ஒற்றை. தரையில் அடித்ததையும் சேர்த்து இருபது.